துட்டன்காமன் ஜாடியில் ஒரு திருடனின் விரல்கள்

ஒரு கல் ஜாடியை மனசுல கொண்டு வாங்க. வெள்ளையும் லேசான தேன் நிறமும் கலந்த கல். பின்னால் விளக்கு வைத்தால் வெளிச்சம் கசியும். மூடியை யாரோ நெம்பி எடுத்துத் தூர எறிந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த விலையுயர்ந்த வாசனைத் தைலம் காலி. ஆனால் உள்சுவரில் ஒட்டி இறுகிப்போன கசடில் விரல்களால் வழித்தெடுத்த தடம் அப்படியே இருக்கு. நம்ம வீட்ல ஊறுகாய் ஜாடி தீர்ந்துபோனா கடைசியா எப்படி வழிப்போமோ, அப்படி. வழித்தவன் செத்து 3,200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இந்த ஜாடியைக் கண்டெடுத்தவர் பெயர் உங்களுக்குத் தெரியும். ஹோவர்ட் கார்ட்டர். துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தவர். தங்க முகமூடி, சாபம், கொசு கடித்துச் செத்த பிரபு, எல்லாம் யூடியூப்ல ஆயிரம் தடவை பாத்திருப்பீங்க. இந்தக் கட்டுரையில் அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வெச்சுடலாம். களைக்கப்பட்ட ஒரு பொருளைப் பார்த்து, அதைத் தொட்டவன் யார், எப்போது, எதற்காக என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மனிதர் அவர். அந்தத் திறமை அவருக்கு எங்கிருந்து வந்தது, கடைசியில் அது அவரையே எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் நம்ம கதை.

பள்ளிக்கூடம் பார்க்காத பையன்

கார்ட்டர் 1874 மே 9 அன்று லண்டனில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் கடைசி. அப்பா சாமுவேல் ஜான் கார்ட்டர் ஓவியர். பணக்காரர்களின் குதிரைகளையும் நாய்களையும் வரைந்து கொடுத்துச் சம்பாதித்தவர். பையனுக்கு உடம்பு அடிக்கடி முடியாமல் போனதால் நார்ஃபோக் பகுதியில் இருந்த ஸ்வாஃப்ஹம் என்ற சின்ன ஊரில் அத்தைமாரிடம் வளர்ந்தார். முறையான பள்ளிப்படிப்பு கிட்டத்தட்ட இல்லை. பட்டம் இல்லை. லத்தீன், கிரேக்கம் எதுவும் தெரியாது. அப்பாவிடம் கற்ற ஓவியம் மட்டும்தான் கையில் இருந்தது.

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஆம்ஹர்ஸ்ட் என்ற செல்வந்தக் குடும்பத்தின் மாளிகை. அங்கே பெரிய எகிப்தியப் பொருள் சேகரிப்பு இருந்தது. பையனின் ஓவியக்கை அவர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் மூலம் பெர்சி நியூபெரி என்ற எகிப்தியல் அறிஞரின் அறிமுகம் கிடைத்தது. கல்லறைச் சுவர் ஓவியங்களை அச்சுக்கு ஏற்ற மாதிரி நகல் எடுக்க ஆள் தேவைப்பட்ட நேரம் அது. 1891-இல், 17 வயதில், கார்ட்டர் எகிப்துக்குக் கப்பல் ஏறினார். நம்ம கணக்குல சொன்னா பிளஸ் டூ முடிக்கிற வயசு.

அடுத்த வருஷம் அமர்னாவில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரியிடம் அனுப்பினார்கள். தொல்லியலை அறிவியலாக மாற்றியவர்களில் முக்கியமானவர் பெட்ரி. அதுவரைக்கும் அகழாய்வு என்றால் சிலையைத் தேடுவது, தங்கத்தைத் தேடுவது, மற்றதைத் தள்ளிவிடுவது. பெட்ரியோ உடைந்த பானை ஓட்டையும் அளந்து, அது எங்கே எந்த ஆழத்தில் கிடந்தது என்று குறித்து வைப்பவர். முதலில் இந்தப் பையனை அகழாய்வாளனாகத் தயார் செய்வதில் பிரயோஜனம் இல்லை என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் பையன் கற்றுக்கொண்டான். ஒரு பொருள் என்ன என்பது பாதித் தகவல். அது எங்கே, எந்த நிலையில், எதன் மேல் கிடந்தது என்பது மீதிப் பாதி. இந்தப் பாடம் கார்ட்டருக்கு வாழ்நாள் முழுக்க உதவியது.

பிறகு டெய்ர் எல்-பஹாரியில் அரசி ஹட்ஷெப்சுட் கோயிலின் சுவர்ச் சிற்பங்களை வருஷக்கணக்கில் வரைந்தார். ஒரு கோடு கூட மாறாமல் வரைய வேண்டுமென்றால் ஒரு கோட்டையும் விடாமல் பார்க்க வேண்டும் இல்லையா? அந்தக் கண் அங்கேதான் கூர்மையானது.

காலடியை அளந்த இன்ஸ்பெக்டர்

1899 முடிந்து 1900 தொடங்கும்போது எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவர் காஸ்டன் மாஸ்பெரோ, 25 வயது கார்ட்டரை மேல் எகிப்தின் தலைமை இன்ஸ்பெக்டர் ஆக்கினார். அரசர்களின் பள்ளத்தாக்கு அவர் பொறுப்பில் வந்தது. கல்லறைகளுக்கு இரும்புக் கதவு போட்டார். உள்ளே மின்விளக்கு கொண்டுவந்தார்.

1901 கடைசியில் இரண்டாம் அமன்ஹோதப் கல்லறையில் திருட்டு நடந்தது. அரசரின் மம்மி சுற்றியிருந்த துணிகளைக் கிழித்துத் தேடியிருந்தார்கள். ஆயுதத்தோடு வந்தவர்கள் தங்களைத் தாக்கினார்கள் என்றார்கள் காவலர்கள். கார்ட்டர் அந்தக் கதையை அப்படியே நம்பவில்லை. அவர் தரையைப் பார்த்தார்.

தூசியில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. அவற்றைப் போட்டோ எடுத்தார், அளந்தார். கொஞ்ச நாள் முன்னால் திருடுபோன இன்னொரு கல்லறையில் எடுத்த தடங்களோடு ஒப்பிட்டார். மில்லிமீட்டர் அளவுக்கு ஒத்துப்போனது. விசாரணை அப்த் எல்-ரசூல் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வரை போனது. அரச மம்மிகள் ஒளித்து வைக்கப்பட்ட இடத்தைப் பல வருஷம் ரகசியமாகத் தெரிந்து வைத்திருந்த குடும்பம் அது. வழக்கு நீதிமன்றம் போனது. அந்தச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வந்துவிட்டார்.

கார்ட்டர் தோற்ற வழக்கு அது. ஆனால் அவர் அதைப் பற்றி எழுதிய அறிக்கை தொல்பொருள் துறையின் இதழில் வெளிவந்தது. ஓவியனாக வந்தவர், பெட்ரியிடம் அளக்கக் கற்றவர், இப்போது துப்பறிவாளராகவும் ஆகிவிட்டார்.

அதே காலத்தில் அவர் அசிங்கப்பட்ட கதையும் ஒன்று உண்டு. டெய்ர் எல்-பஹாரியில் குதிரை கால் இடறிய இடத்தைத் தோண்டப்போய், ஆழமான ஒரு பாதையும் முத்திரை உடையாத கதவும் கிடைத்தன. திறப்பு விழா மாதிரி பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்தார். உள்ளே துணி சுற்றிய ஒரு கறுப்புச் சிலையும் காலிப் பெட்டியும்தான் இருந்தன. முடிவு தெரியறதுக்கு முன்னாடியே ஊரைக் கூட்டக் கூடாது என்பதை அன்னைக்கு நன்றாகக் கற்றுக்கொண்டார். இந்தப் பாடம் பின்னால் அவரை வேறொரு தப்புக்கு இழுத்தது. அதுக்கு அப்புறம் வரேன்.

மன்னிப்புக் கேட்காத கழுத்து

1905 ஜனவரியில் சக்காராவில் ஒரு பிரெஞ்சுச் சுற்றுலாக் கும்பல், சிலர் குடிபோதையில், கல்லறைக் காவலர்களோடு கைகலப்பில் இறங்கியது. எகிப்தியக் காவலர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் திருப்பி அடிக்கலாம் என்று கார்ட்டர் அனுமதி கொடுத்தார். காலனி ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியர்மேல் உள்ளூர்க்காரர் கை வைப்பது பெரிய விஷயம். பிரெஞ்சுத் தரப்பு கொதித்தது. சும்மா ஒரு வருத்தம் தெரிவித்தால் போதும், முடித்துவிடலாம் என்று மேலதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். தன் ஆட்கள் தப்பு செய்யவில்லை என்று கார்ட்டர் மறுத்துவிட்டார். டெல்டாவில் உள்ள டாண்டா என்ற ஊருக்கு மாற்றினார்கள். அதே வருஷம் வேலையை விட்டார்.

31 வயது. பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்கு வாட்டர்கலர் ஓவியம் விற்றார். வழிகாட்டியாகப் போனார். பழம்பொருள் வாங்கி விற்பதிலும் இறங்கினார். இந்தக் கடைசித் தொழிலை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பிறகு மாஸ்பெரோவின் பரிந்துரையில் லார்ட் கார்னர்வானிடம் வேலை கிடைத்தது. கார் விபத்தில் உடம்பு கெட்டு, குளிர்காலத்துக்கு எகிப்து வந்த பணக்காரப் பிரபு. பள்ளத்தாக்கில் தோண்டும் உரிமை அதுவரை தியோடர் டேவிஸ் என்ற அமெரிக்கரிடம் இருந்தது. இனிமேல் அங்கே எதுவும் மிச்சமில்லை என்று அவர் முடிவுகட்டிய பிறகு, 1914-இல் கார்னர்வானுக்குக் கிடைத்தது. முதல் உலகப்போர் குறுக்கே வந்தது. 1917-லிருந்து பள்ளத்தாக்கைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பழைய இடிபாட்டு மண்ணைப் பாறை தெரியும்வரை அள்ளினார்கள். அஞ்சு வருஷம் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை. 1922 கோடையில் கார்னர்வான் போதும் என்றார். கடைசியாக ஒரு சீசன், வேண்டுமானால் செலவை நானே ஏற்கிறேன் என்றார் கார்ட்டர். பிரபு மனம் மாறி, செலவைத் தானே தந்தார்.

கதவே சொன்ன கதை

1922 நவம்பர் 4. ஆறாம் ராம்சேஸ் கல்லறைக்குக் கீழே, பழங்காலத் தொழிலாளர் குடிசைகளின் அடியில், பாறையில் வெட்டிய ஒரு படி தெரிந்தது. பிறகு மொத்தம் 16 படிகள். கீழே முத்திரை வைத்துப் பூசிய சுவர். கண்டுபிடித்தது கார்ட்டர் தனியாளாக இல்லை. அகமது கெரிகர் போன்ற மேஸ்திரிகளும் அவர்களின் கீழே உழைத்த ஆட்களும் சேர்ந்து கண்டது. கார்ட்டர் படிகளைத் திரும்ப மண்ணால் மூடச் சொன்னார். இங்கிலாந்துக்குத் தந்தி அடித்தார். கார்னர்வான் வந்து சேரும்வரை கிட்டத்தட்ட மூன்று வாரம் காத்திருந்தார். செமஸ்டர் ரிசல்ட் லிங்க் வந்த பிறகும் மூணு வாரம் கிளிக் பண்ணாம இருக்க நம்மால முடியுமா?

முழுப் படியையும் திறந்து சுவரைப் பார்த்தபோதுதான் மனசு உடைந்தது. பூச்சின் கீழ்ப்பகுதியில் துட்டன்காமன் பெயர் முத்திரை. மேல்பகுதியில் வேறு பூச்சு, வேறு முத்திரை: குள்ளநரியும் கட்டப்பட்ட ஒன்பது கைதிகளும் உள்ள மயானக் காவல் முத்திரை. அப்படின்னா யாரோ உடைச்சு உள்ள போயிருக்காங்க. அப்புறம் அதிகாரிகள் வந்து திரும்ப அடைச்சிருக்காங்க. ஒரு தடவையா? பூச்சுகளின் எல்லையைப் பார்த்தால் இரண்டு தடவை.

அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு நடைபாதை. அது முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக்கல் சில்லுகள். ஆனால் இடது மேல்மூலையில் மட்டும் வேறு நிறக் கல்லால் அடைத்த ஒரு சுரங்கத்தின் தடம். முதல் திருட்டுக்குப் பின் பாதையை நிரப்பியிருக்கிறார்கள். இரண்டாவது கும்பல் அந்த நிரப்பலுக்குள் எலி மாதிரி குடைந்து போயிருக்கிறது. நடைபாதைக் குப்பையில் தண்ணீர் சுமக்கும் தோல்பைகளும் கிடைத்தன. பாலைவனத்தில் தோல்பை இருப்பதில் என்ன அதிசயம்? அதற்கான விடை அஞ்சு வருஷம் கழித்துத்தான் கிடைத்தது.

நவம்பர் 26 அன்று உள்கதவில் துளையிட்டு மெழுகுவர்த்தி நீட்டிப் பார்த்தார். மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒரு என்ஜினியர், ஒரு கெமிஸ்ட்

நம்ம காலேஜ் பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தக் கல்லறையைக் காலி செய்தது ஒரு டீம். ஆர்தர் காலெண்டர், எகிப்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள கருங்கல் மூடியைத் தூக்கவும், தங்கத்தகடு போர்த்திய மரக்கூடங்களைப் பிரிக்கவும் சாரமும் கப்பியும் அமைத்தது அவர்தான். ஹாரி பர்ட்டன் போட்டோகிராபர். ஆர்தர் மேஸ் பழம்பொருள் செப்பனிடுபவர். ஆல்ஃபிரட் லூகாஸ் வேதியியலாளர்.

லூகாஸ் சுவாரஸ்யமான ஆள். எகிப்து அரசின் வேதியியல் ஆய்வகத்தை நடத்தியவர். குற்றவியல் வேதியியல் பற்றிப் புத்தகம் எழுதியவர். போலிக் கையெழுத்து, மை, விஷம் என்று நீதிமன்றத்துக்குச் சாட்சி சொன்ன அனுபவம் உள்ளவர். துப்பறியும் கண் உள்ள கார்ட்டரும் தடயவியல் படித்த லூகாஸும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். இரண்டாம் சேத்தியின் காலிக் கல்லறைதான் அவர்களுடைய லேப்.

முறை எளிமையானது, ஆனால் சாமான்யப் பொறுமை போதாது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் அட்டை வைத்து, கிடந்த இடத்திலேயே போட்டோ. பிறகு அளவு, வரைபடம், குறிப்பு. கார்ட்டரின் அட்டைகளில் பொருள் மட்டும் இல்லை. மூடி எங்கே கிடந்தது, எது கவிழ்ந்திருந்தது, எதன்மேல் எது இருந்தது என்பதும் இருக்கும். 5,000-த்துக்கும் மேற்பட்ட பொருள்கள். பத்து வருஷம்.

ஜாடிகள் இருந்த அறை

1927 குளிர்காலத்தில்தான் கடைசி அறைக்கு வந்தார்கள். பக்க அறை என்று சொல்லலாம். கல்லறையிலேயே சின்னது, ஆனால் மொத்தப் பொருள்களில் கணிசமான பங்கு அதற்குள்தான் திணிக்கப்பட்டிருந்தது. திருடர்கள் போட்ட ஓட்டையைக்கூட அடைக்காமல் விட்டிருந்தார்கள். தரை முன்னறையைவிடத் தாழ்வு. கால் வைக்க ஒரு அடி இடமில்லை. அதனால் முதலில் வாசல்படியில் கவிழ்ந்து, அக்குளில் கயிறு கட்டி, பின்னாலிருந்து மூணு நாலு பேர் பிடித்துக்கொள்ள, தலைகீழாகத் தொங்கியபடி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. ஒன்றை எடுத்தால் மேலே இருப்பது சரியும்.

தைலம், மது, உணவு வைப்பதற்கான அறை அது. முப்பதுக்கும் மேற்பட்ட கல் பாத்திரங்களில் தைலமும் களிம்பும் நிரப்பி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் எகிப்திய அலபாஸ்டர். ஒரு சின்னத் திருத்தம்: கெமிஸ்ட்ரிப்படி ஐரோப்பாவில் அலபாஸ்டர் என்று சொல்லப்படுவது ஜிப்சம், எகிப்தியருடையது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். கடினத்தன்மை மோஸ் அளவில் வெறும் 3. மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. அதனால்தான் இரும்பு இல்லாத காலத்திலும் செம்புக் குழாயோடு மணலைச் சேர்த்துச் சுழற்றி இந்தக் கல்லைக் குடைய முடிந்தது. வெட்டுவது செம்பு இல்லை, மணல். குறுகிய கழுத்துக்குக் கீழே வயிறு பெருத்த ஜாடியை உள்ளே குடைய, கவட்டைத் தண்டில் பிறை வடிவக் கற்களை மாட்டிச் சுழற்றினார்கள். ஒரு ஜாடிக்கு எத்தனை நாள் கை வலித்திருக்கும், யோசிச்சுப் பாருங்க.

சில பாத்திரங்களில் துட்டன்காமனுக்கு முந்தைய அரசர்களின் பெயர்கள் இருந்தன. மூன்றாம் துத்மோசிஸ் பெயர் பொறித்தது அதில் ஒன்று. துட்டன்காமன் காலத்திலேயே அது நூறு வருஷப் பழசு. குடும்பச் சொத்தாக வந்ததைக் கல்லறையில் வைத்திருக்கிறார்கள்.

இப்போ அந்த ஜாடிகளைக் கார்ட்டர் எப்படிப் படித்தார் என்று பாருங்க. மூடிகள் பிடுங்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஜாடிகள் திருடுபோகவில்லை. அப்போ திருடனுக்குக் கல் வேண்டாம், உள்ளே இருந்ததுதான் வேண்டும். கல் ஜாடி கனம். அதில் அரசன் பெயர் வேறு இருக்கும், விற்கப்போனால் மாட்டிக்கொள்வான். தைலத்தில் யார் பெயரும் எழுதியிருக்காது. சரி, நூற்றுக்கணக்கான லிட்டர் தைலத்தை எதில் கொண்டுபோனான்? 1922-இல் நடைபாதையில் கிடந்த தோல்பைகள் இப்போது பொருள்பட்டன. ஊற்றினால் வழியாத கெட்டிக் களிம்பை என்ன செய்தான்? கையை விட்டு வழித்தான். உள்சுவரில் விரல் தடங்கள்.

எப்போது திருடினான் என்பதற்கும் அதிலேயே விடை இருந்தது. கொழுப்பு சேர்ந்த தைலம் நாள்பட்டால் கெட்டுப்போகும். நூறு வருஷம் கழித்து வருகிற திருடன் இதை மோந்துகூடப் பார்க்க மாட்டான். அதனால் அரசனைப் புதைத்த சில வருஷங்களுக்குள்ளேயே, சரக்கு இன்னும் நல்லா இருக்கும்போதே வந்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே வந்திருக்கிறார்கள். தங்கம் தேடியவர்கள் ஒரு கூட்டம், தைலம் தேடியவர்கள் வேறு கூட்டம் என்று பிரித்தார் கார்ட்டர்.

திருடன் தொடாத ஒரு ஜாடியும் கிடைத்திருந்தது. அடக்க அறையில், மரக்கூடங்களுக்கு நடுவே இருந்த உருளை வடிவ அலபாஸ்டர் ஜாடி. மூடியில் நாக்கை நீட்டிப் படுத்திருக்கும் சிங்கம். அதன் களிம்பு இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. லேசான வாசனையும் மிச்சம் இருந்தது. அதைச் சாப்மன், பிளெண்டர்லீத் என்ற இரண்டு வேதியியலாளர்கள் சோதித்து 1926-இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 90 சதவீதம் விலங்குக் கொழுப்பு, 10 சதவீதம் மரப்பிசின் வகை. அரசன் உடம்பில் பூசிய தெய்வீகத் தைலம், பகுத்துப் பார்த்தால் கொழுப்பும் பிசினும்தான். ஆனால் அந்தக் கொழுப்புதான் இறுகிப்போய் ஒரு திருடனின் விரலை முப்பத்திரண்டு நூற்றாண்டு பத்திரமாக வைத்திருந்தது.

அதே அறையில் வில் வைக்கிற ஒரு வெள்ளைப் பெட்டி. அதன்மேல் ஒரு அழுக்குக் காலடித் தடம். 1901-இல் தூசியில் காலடியை அளந்து வழக்கில் தோற்ற அதே மனிதர், 1927-இல் மறுபடியும் ஒரு காலடிக்கு முன்னால் நிற்கிறார். இந்தத் தடவை தண்டனை கொடுக்க ஆளும் இல்லை, வழக்கும் இல்லை. குறித்து வைப்பது மட்டும்தான் வேலை. குறித்து வைத்தார்.

அட்டையில் ஏறாதவை

இதுவரைக்கும் படிச்சா கார்ட்டர் ஹீரோ. இனிமேல் கொஞ்சம் கஷ்டமான பகுதி.

1922 நவம்பர் கடைசியில், அதிகாரப்பூர்வத் திறப்புக்கு வாரங்கள் முன்பே, கார்ட்டரும் கார்னர்வானும் அவர் மகளும் அடக்க அறையின் அடைப்பில் ஓட்டை போட்டு ரகசியமாக உள்ளே போய்ப் பார்த்தார்கள். வெளியே வந்து அந்த ஓட்டையை ஒரு கூடையாலும் நாணலாலும் மறைத்தார்கள். முன்பு ஊரைக் கூட்டி அவமானப்பட்ட நினைவு அவரைத் தள்ளியிருக்கலாம். இந்தத் தடவை முதலில் நாமே பார்த்துவிடலாம் என்று தோன்றியிருக்கலாம். ஆனால் வெளியே சொன்ன கதை வேறு. திருடர்கள் போட்ட ஓட்டையைப் பழங்காலக் காவலர்களே திரும்ப அடைத்திருந்தார்கள் என்ற மாதிரிதான் புத்தகத்தில் இருந்தது. அது கார்ட்டர் அடைத்த அடைப்பு என்று 1940-களில் எழுதி வெளியிட்டவர் வேறு யாருமில்லை, லூகாஸ். கூடவே வேலை பார்த்த தடயவியல் வேதியியலாளர், கார்ட்டர் இறந்த பிறகு பதிவைத் திருத்தினார்.

1924-இல் அரசோடு தகராறு. கார்ட்டர் வேலையை நிறுத்திக் கல்லறையைப் பூட்டினார்; சவப்பெட்டி மூடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அரசு உள்ளே வந்து கணக்கெடுத்தது. அப்போது ஒரு மதுப் பெட்டிக்குள் தாமரையிலிருந்து எழும் இளம் துட்டன்காமனின் மரத்தலை கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை. நடைபாதைக் குப்பையில் எடுத்தது, இன்னும் பதிவு செய்யவில்லை என்று விளக்கம் சொன்னார். விஷயம் அமுக்கப்பட்டது.

1934-இல் மொழி அறிஞர் ஆலன் கார்டினர், கார்ட்டர் தனக்குப் பரிசாகக் கொடுத்த ஒரு சின்னத் தாயத்தைக் கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருந்த எங்கெல்பாக்கிடம் காட்டினார். துட்டன்காமன் கல்லறையிலிருந்து வந்த மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார் எங்கெல்பாக். ஒரே அச்சில் வார்த்தவை. திருடிய பொருள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. கார்டினர் அதைக் கடிதமாக எழுதி கார்ட்டருக்கே அனுப்பினார். நட்பு கசந்தது.

யோசிச்சுப் பாருங்க. ஒரு தடத்தை இன்னொரு தடத்தோடு வைத்து ஒப்பிடுவது. ஒத்துப்போனால் ஆளைப் பிடிப்பது. 1901-இல் கார்ட்டர் செய்த அதே வேலை. இந்தத் தடவை தடம் அவருடையது.

ஏன் செய்தார்? தோண்டுபவருக்குப் பாதி, நாட்டுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்ட காலத்தில் வளர்ந்தவர். பழம்பொருள் வியாபாரமும் பார்த்தவர். 1922-இல்தான் எகிப்து பிரிட்டனிடமிருந்து விடுதலை அறிவிப்பைப் பெற்றது. புதிய நாடு தன் அரசனின் பொருள் முழுவதும் தனக்கே என்றது. அது நியாயம். பல வருஷம் உழைத்துக் கண்டுபிடித்தவனுக்கு நினைவாகக்கூட ஒன்றும் இல்லையா என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். காரணம் புரிகிறது. அதனால் செய்தது சரியாகிவிடாது. ஜாடியை வழித்தவனுக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்.

கடைசி வருஷங்கள்

1932-இல் வேலை முடிந்தது. பிரிட்டன் அவருக்குப் பட்டம் எதுவும் தரவில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. பொதுமக்களுக்காக மூன்று தொகுதிகள் எழுதினார். முழுமையான ஆய்வு வெளியீட்டை முடிக்கவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1939 மார்ச் 2 அன்று, 64 வயதில், லண்டனில் புற்றுநோயால் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கார்னர்வானின் மகள் வந்திருந்தார்.

அவர் சொத்துகளைப் பிரிக்கும்போது துட்டன்காமன் கல்லறைப் பொருள்கள் சில வெளிப்பட்டன. வாரிசாக இருந்த அக்கா மகள் பிலிஸ் வாக்கர் அவற்றை எகிப்துக்கே கொடுக்க ஏற்பாடு செய்தார். மாமாவின் குறிப்புகள், அட்டைகள், வரைபடங்கள் அனைத்தையும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள கிரிஃபித் நிறுவனத்துக்கு அளித்தார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்கூட, தன்னிடம் இருந்த 19 சின்னப் பொருள்கள் அந்தக் கல்லறையைச் சேர்ந்தவை என்று 2010-இல் ஒப்புக்கொண்டு எகிப்துக்குத் திருப்பிக் கொடுத்தது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். நம்ம லேப்ல ரீடிங் சரியா வரலைன்னா என்ன பண்றோம்? விடையை வெச்சுப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு ஆப்சர்வேஷன் நோட்டை நிரப்பறோம். கிராஃப்ல ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுத் தள்ளி நின்றால் அதை ரப்பர் வெச்சு அழிக்கிறோம். கார்ட்டர் பெரிய ஆளாக ஆனது அந்தத் தள்ளி நின்ற புள்ளிகளால்தான்: மாறிப்போன பூச்சு, எறியப்பட்ட மூடி, ஜாடிக்குள் விரல் தடம். எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்த கல்லறையாக இருந்திருந்தால் அவருக்கு இவ்வளவு தெரிந்திருக்காது. அவர் பெயர் கெட்டதும் ஒரு சில புள்ளிகளை அவரே அழித்ததால்தான்.

அவருடைய அட்டைகள் இன்னைக்கு ஆன்லைனில் இலவசமாகவே இருக்கு. நேரம் கிடைக்கும்போது கிரிஃபித் நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ஒரு கல் ஜாடியின் அட்டையைத் திறந்து பாருங்க. கச்சிதமான வரைபடம், பக்கத்தில் அளவுகள், ஜாடி எந்த நிலையில் கிடந்தது என்ற குறிப்பு, பர்ட்டனின் போட்டோ. 17 வயதில் வரையத் தெரிந்த கையோடு மட்டும் கப்பல் ஏறின பையனின் கோடுகள் அவை. கல்லறையிலிருந்து எது காணாமல் போனது என்று இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் தேடினால், முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த அட்டைகளைத்தான்.